திரும்பத் தெரிந்த ரிமோட் டேங்க் செய்வது எப்படி?

ரிமோட் கார் ஒன்றைச் செய்து ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அடுத்து ஆசை வருவது பெரும்பாலும் டிராக் வண்டி மேல்தான். டேங்க், புல்டோசர், ஏரியில் மண் அள்ளும் செயின் பொக்லைன் எல்லாம் ஒரே குடும்பம். இடப்பக்கம் ஒரு மோட்டார், வலப்பக்கம் ஒரு மோட்டார், ஆளுக்கொரு டிராக், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை. ஸ்டீயரிங் கிடையாது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் வண்டி நேராகப் போகும். ஒன்று முன்னும் மற்றது பின்னுமாகச் சுற்றினால் நின்ற இடத்திலேயே திரும்பும். பார்க்க இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் பலர் கையில் கிடைத்த மோட்டாரை வாங்கி மாட்டிவிடுகிறார்கள்.

நேராக ஓடுவது எந்த வண்டிக்கும் பெரிய காரியமில்லை. திருப்பும்போதுதான் மோட்டார் முனகும், டிராக் கழலும், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் டிரைவர் போர்டு சூடேறி மணக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் வண்டியின் நீளம், அகலம், மோட்டார், டிரைவர், டிராக்கின் இறுக்கம் எல்லாவற்றையும் 'இது திரும்புமா?' என்ற ஒரே கேள்வியை வைத்து முடிவு செய்யப் போகிறோம். எடுத்துக்காட்டுக்கு 3 கிலோ எடையுள்ள, ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவான நீளமுள்ள வண்டி ஒன்றை வைத்துக்கொள்வோம். முதல் முயற்சிக்கு அது நல்ல அளவு. கையில் தூக்கலாம், தோட்டத்து மண்ணிலும் ஓடும்.

கடைக்குப் போவதற்கு முன்: ஒரு காகிதமும் பென்சிலும்

டிராக் வண்டி நின்ற இடத்தில் திரும்பும்போது தரையில் படிந்திருக்கும் டிராக்கின் நடுப்பகுதி பெரிதாக நகர்வதில்லை. முன் நுனியும் பின் நுனியும்தான் பக்கவாட்டில் தரையைத் தேய்த்துக்கொண்டு போகின்றன. டிராக் நீளமாக நீளமாக இந்தத் தேய்ப்பு கூடும். வண்டி அகலமாக அகலமாக அதை வெல்வது எளிதாகும். ஆகவே நீங்கள் அளக்க வேண்டியவை இரண்டே. முதலாவது, தரையில் படும் டிராக்கின் நீளம். வண்டியின் மொத்த நீளத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டாவது, இடது டிராக்கின் நடுக்கோட்டிலிருந்து வலது டிராக்கின் நடுக்கோடு வரையுள்ள அகலம்.

நீளத்தை அகலத்தால் வகுங்கள். விடை 1-க்கும் 1.7-க்கும் இடையில் இருந்தால் நல்லது. 1-க்குக் கீழே போனால் வண்டி நேராக ஓடாமல் அலைபாயும். 1.8-ஐத் தாண்டினால் திரும்ப அடம்பிடிக்கும். நம் வண்டிக்குத் தரையில் படும் நீளம் 26 செ.மீ., அகலம் 20 செ.மீ. என்று வைப்போம். விகிதம் 1.3. பார்க்கவும் டேங்க் மாதிரியே இருக்கும்.

இப்போது திரும்ப எவ்வளவு விசை வேண்டும் என்று பார்த்துவிடலாம். எடையை உராய்வு எண்ணால் பெருக்கி, நீள-அகல விகிதத்தால் பெருக்கி, 4-ஆல் வகுத்தால் ஒரு பக்க டிராக் தள்ள வேண்டிய விசை கிடைக்கும். ரப்பர் டிராக்குக்கும் சிமென்ட் தரைக்கும் உராய்வு எண் 0.7 என்று கொண்டால், 3 × 0.7 × 1.3 ÷ 4 = ஏறத்தாழ 0.68 கிலோ விசை. டிராக் தன் மூட்டுகளிலும் சக்கரங்களிலும் தின்னும் விசைக்காக இன்னும் 0.2 சேர்த்தால் 0.9 கிலோ.

இதே வண்டி 30 பாகைச் சரிவில் ஏற ஒரு பக்கத்துக்கு 0.75 கிலோ விசை வேண்டும். திருப்புவதற்குத் தேவைப்படும் 0.68-ஓடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை. அதாவது, சமதரையில் நின்ற இடத்தில் திரும்புவதும் மாடிப்படிக்குக் கிட்டத்தட்டச் சமமான சரிவில் ஏறுவதும் மோட்டாருக்கு ஏறக்குறைய ஒரே பாடுதான். காருக்கு மோட்டார் தேர்ந்தெடுத்த பழக்கத்தில் டேங்குக்கும் வாங்கினால் ஏன் ஏமாறுகிறோம் என்பது இப்போது புரிந்திருக்கும்.

மோட்டார்

மஞ்சள் நிறத்தில் பிளாஸ்டிக் கியரோடு வரும் பிஓ மோட்டாரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் அதுதான் ராஜா. எடை அரைக் கிலோவைத் தாண்டாத சின்ன வண்டி என்றால் அது போதும். தமியா நிறுவனத்தின் 70097 இரட்டை மோட்டார் கியர்பாக்ஸும் அந்த அளவு வண்டிக்குத்தான். அதை 58:1, 203:1 என்று இரண்டு விதமாகப் பூட்டலாம், டிராக் வண்டிக்கு 203:1-ஐ எடுங்கள். அதிலுள்ள மோட்டார்கள் 3 வோல்ட்டுக்கானவை என்பது நினைவிருக்கட்டும்.

நம் 3 கிலோ வண்டிக்கு உலோகக் கியர் உள்ள 12 வோல்ட் மோட்டார் வேண்டும். கடைகளில் 'ஜான்சன் கியர் மோட்டார்' என்று கேட்டால் தருவார்கள், அல்லது 37 மி.மீ. விட்டமுள்ள கியர் மோட்டார். இரண்டிலும் 6 மி.மீ. ஷாஃப்ட் வரும். டிராக்கை இழுக்கும் பல்சக்கரத்தின் ஆரம் 2.9 செ.மீ. என்றால் நமக்குத் தேவையான முறுக்குவிசை 0.9 × 2.9, அதாவது சுமார் 2.6 கிலோ-செ.மீ. இது வேலை செய்யும்போது தேவைப்படும் அளவு. மோட்டார் மேல் எழுதியிருப்பது அது முழுக்கத் தடைபட்டு நிற்கும்போதுள்ள உச்ச அளவாக இருந்தால், அதில் கால்வாசியைத்தான் தொடர்ந்து நம்பலாம். ஆகவே உச்ச அளவு 10 கிலோ-செ.மீ.க்குக் குறையாத மோட்டாராகப் பாருங்கள்.

வேகம்? பல்சக்கரத்தில் 12 பல், டிராக்கின் ஒவ்வொரு இணைப்பும் (கண்ணியும்) 15 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு வண்டி 18 செ.மீ. நகரும். 100 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 100 சுற்று) மோட்டாரில் நொடிக்கு 30 செ.மீ. இது மெதுவானதுதான், ஆனால் டேங்குக்கு அழகான வேகம். 200 ஆர்பிஎம் எடுத்தால் வேகம் இரட்டிப்பாகும். ஆனால் உள்ளே இருப்பது அதே மோட்டார், கியர் விகிதம்தான் வேறு, ஆகவே முறுக்குவிசை பாதியாகிவிடும். முதல் வண்டிக்கு 100-ஐயே எடுங்கள். வேகம் போதவில்லை என்று வருந்துகிறவரை விட, வண்டி திரும்பவில்லை என்று வருந்துகிறவர்தான் அதிகம்.

சென்னைக்காரர்கள் ரிட்சி தெருவில் நேரில் பார்த்தே வாங்கலாம். போகும்போது மல்டிமீட்டரையும் எடுத்துப் போங்கள். மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு இடையே மின்தடையை அளந்து, 12-ஐ அதால் வகுத்தால், மோட்டார் தடைபட்டு நிற்கும்போது இழுக்கும் மின்னோட்டம் தெரிந்துவிடும். 2.4 ஓம் காட்டினால் 5 ஆம்பியர். ஷாஃப்டை மெல்லத் திருப்பி இரண்டு மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த எண் அடுத்த படிக்குக் கட்டாயம் வேண்டும்.

டிரைவரும் ரிமோட்டும்

எல்298என் என்ற சிவப்பு போர்டு எங்கும் கிடைக்கிறது, விலையும் மலிவு. நம் வண்டிக்கு அது வேண்டாம். ஒரு பக்கத்துக்கு 2 ஆம்பியர்தான் அதன் எல்லை. அதோடு 1 ஆம்பியர் ஓடும்போதே ஏறத்தாழ 2 வோல்ட்டைச் சூடாக்கி வீணடித்துவிடும். திரும்பும் நேரத்தில், அதாவது மோட்டாருக்கு அதிக மின்சாரம் தேவைப்படும் நேரத்தில்தான், அது கையை விரிக்கும்.

உங்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. நிரல் எழுதப் பிடிக்காதவர்களுக்கு முதல் வழி: பிரஷ் மோட்டாருக்கான (நம்முடையது அந்த வகைதான்) இஎஸ்சி, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு, இரண்டு வாங்குங்கள். பின்னோக்கி ஓட்டும் வசதி இருக்க வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம். கார்களுக்கான பல இஎஸ்சிகளில் குச்சியைப் பின்னால் இழுத்தால் முதலில் பிரேக் பிடிக்கும், மறுபடி இழுத்தால்தான் பின்னே போகும். டேங்கில் இது பெரிய தொல்லை, திருப்பும்போது ஒரு பக்கம் மட்டும் நின்றுபோகும். பிரேக் இல்லாமல் நேராக முன்-பின் மாறும் அமைப்பு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். மேலே '320 ஆம்பியர்' என்று அச்சடித்து மலிவாக வருபவற்றின் எண்ணை நம்ப வேண்டாம், அவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் ஒயர்கூட அதில் இருக்காது. தொடர்ந்து தாங்கும் அளவு உங்கள் மோட்டார் தடைபட்டு நிற்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தைவிட அதிகமா, 3எஸ் (மூன்று செல்) பேட்டரியை ஏற்குமா என்று மட்டும் பாருங்கள்.

ரிமோட்டுக்கு ஃபிளைஸ்கை எஃப்எஸ்-ஐ6, அதனோடு வரும் ஐஏ6பி ரிசீவர் போதும். அதன் மெனுவில் 'எலிவான்' என்று ஒரு மிக்ஸ், அதாவது இரண்டு சானல்களைக் கலந்து தரும் அமைப்பு, இருக்கிறது. விமானத்தின் இறக்கைகளுக்காக வைத்தது, டேங்குக்கும் அப்படியே பொருந்தும். அதை இயக்கி, இஎஸ்சிகளை ரிசீவரின் 1, 2 சானல்களில் மாட்டினால் ஒரே குச்சியில் வண்டி முழுவதும் அடங்கும். முன்னே தள்ளினால் முன்னே போகும், பக்கவாட்டில் தள்ளினால் நின்ற இடத்தில் திரும்பும்.

இரண்டாவது வழி, நிரல் எழுதி இயக்கும் சின்ன போர்டான ஆர்டுயினோ நானோவும் பிடிஎஸ்7960 டிரைவர் இரண்டும். ரிசீவரிலிருந்து வரும் துடிப்பு 1000 முதல் 2000 மைக்ரோ வினாடி நீளம், நடுநிலை 1500. நடுவில் இருபுறமும் 30 மைக்ரோ வினாடி அளவுக்கு மோட்டார் அசையாத மௌன இடம் விடுங்கள், இல்லையென்றால் வண்டி நிற்கும்போதும் மோட்டார் சிணுங்கும். இடது மோட்டாருக்கு வேகம் கூட்டல் திருப்பம், வலது மோட்டாருக்கு வேகம் கழித்தல் திருப்பம், நிரலின் சாரம் அவ்வளவுதான். விரும்பினால் வேகம் திடீரென்று பாயாமல் படிப்படியாக ஏறும்படியும் எழுதலாம். கியர் பற்களுக்கு அது நல்லது.

டிராக்

மொத்த வேலையில் பொறுமையைச் சோதிப்பது இதுதான். தயாராகக் கிடைக்கும் பிளாஸ்டிக் டிராக் பெல்ட்டை, அதற்கான பல்சக்கரத்தோடு சேர்த்து வாங்கினால் ஒரு மாலையில் முடிந்துவிடும். சக்கரம் ஓரிடத்திலும் பெல்ட் வேறிடத்திலும் வாங்காதீர்கள். இணைப்பு இடைவெளியில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் பல் ஏறி மிதிக்கும்.

3டி பிரிண்டர் உள்ளவர்களுக்கு வேறு கதை. இணைப்புகளைப் பிஇடிஜி பிளாஸ்டிக்கில் அச்சிடுங்கள். பிஎல்ஏ பிளாஸ்டிக் வெயிலில் கிடந்தால் வளைந்துவிடும். இணைப்புக்கு இணைப்பு 15 மி.மீ. இடைவெளி, 12 பல் என்றால் இணைப்பூசிகள் அமையும் வட்டத்தின் விட்டம் 58 மி.மீ. வேறு அளவு வேண்டுமானால் இணைப்பு இடைவெளியை, 180-ஐப் பல் எண்ணிக்கையால் வகுத்து வரும் கோணத்தின் சைனால் வகுத்துக்கொள்ளுங்கள். நம் வண்டிக்கு ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 62 இணைப்பு தேவைப்படும். எல்லாவற்றையும் ஒரேயடியாக அச்சுக்குப் போடாமல், முதலில் மூன்றை மட்டும் அச்சிட்டுக் கோத்து மடக்கிப் பாருங்கள். சொந்த எடையிலேயே அவை தொங்கி விழ வேண்டும். இறுக்கமாக நின்றால் 124 மூட்டுகளும் சேர்ந்து மோட்டாரைத் தின்றுவிடும்.

கோப்பதற்கு ஊசி எங்கே கிடைக்கும்? சைக்கிள் கடையில். சாதாரண ஸ்போக் கம்பி 2 மி.மீ. தடிமன். வெட்டினால் நேரான, துருவைத் தாங்கும், எளிதில் வளையாத ஊசி தயார். இணைப்பின் ஓரக் காதுகளில் துளை இறுக்கமாகவும் நடுக்காதில் 2.2 மி.மீ.யாகத் தளர்வாகவும் இருக்கட்டும். ஊசி ஓரத்தில் நிலைத்து நிற்கும், நடுவில் சுழலும். எடை குறைந்த வண்டிக்கு 3டி பிரிண்டரின் 1.75 மி.மீ. ஃபிலமெண்ட் (பிளாஸ்டிக் இழை) துண்டையே ஊசியாகச் செருகுபவர்களும் உண்டு.

இணைப்பின் உட்புறத்தில் ஒரு நடுப்பல் கட்டாயம் இருக்க வேண்டும். அது தரைச் சக்கரங்களின் நடுவில் உள்ள பள்ளத்தில் ஓடும். இந்த வழிகாட்டிப் பல் இல்லாத டிராக் நேராக ஓடும்போது ஒழுங்காகத்தான் இருக்கும், முதல் திருப்பத்திலேயே கழன்றுவிடும்.

வெளிப்புறத்தில் ரப்பர் ஒட்டலாமா என்று கேட்பார்கள். புல்லிலும் மண்ணிலும் ஓட்டுவதாக இருந்தால் தேவையில்லை. வழுவழுப்பான டைல்ஸில் ஏற்றம் ஏற வேண்டுமென்றால் ஒட்டலாம், ஆனால் பிடிப்பு கூடக் கூடத் திருப்பமும் கடினமாகும் என்பதை மேலே உள்ள கணக்கு சொல்லிவிட்டது.

சட்டமும் சக்கரங்களும்

பக்கத் தகடுகளுக்கு 6 மி.மீ. ப்ளைவுட் போதும். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் ஏசிபி ஷீட்டின் (அலுமினியமும் பிளாஸ்டிக்கும் அடுக்கிய தகடு) வெட்டுத் துண்டுகள் கிடைக்கும், அதுவும் நல்லது. இரண்டு தகடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கிளாம்ப் போட்டு, எல்லாத் துளைகளையும் ஒரே குத்தில் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் மாறிவிடும், வண்டி காலம் முழுக்க ஒரு பக்கம் இழுக்கும்.

தரைச் சக்கரத்துக்கு 608 பேரிங்: 8 மி.மீ. துளை, 22 மி.மீ. விட்டம், 7 மி.மீ. தடிமன், ஸ்கேட்டிங் சக்கரங்களில் இருப்பது. ஒரு எம்8 போல்ட்டில் இரண்டு பேரிங், நடுவில் வாஷர். வாஷர் தரும் இடைவெளியில் டிராக்கின் வழிகாட்டிப் பல் ஓடும். பக்கத்துக்கு நான்கு ஜோடி வையுங்கள்.

இங்கே ஒரு சின்னத் தந்திரம். நான்கில் முதல் ஜோடியையும் கடைசி ஜோடியையும் நடு இரண்டைவிட 2 மி.மீ. உயர்த்திப் பொருத்துங்கள். கடினமான தரையில் நடு ஜோடிகளே எடையைச் சுமக்கும், தரையில் படும் நீளம் குறைந்து வண்டி எளிதாகத் திரும்பும். மண்ணில் கொஞ்சம் அமிழ்ந்ததும் நான்கும் தரையைத் தொடும், பிடிப்பும் கூடும். செலவே இல்லாமல் கிடைக்கும் இந்த லாபத்தை வாங்கும் கிட்கள் பலவற்றில் பார்க்க முடியாது.

மோட்டார் பல்சக்கரத்தைப் பின்பக்கம் வையுங்கள். ஆவடியில் தயாரான ராணுவ டேங்குகளான அர்ஜுனிலும் டி-72லும் அது பின்னால்தான். முன்னே போகும்போது டிராக்கின் கீழ்ப்பகுதிதான் இழுபடும், மேல்பகுதி தளர்வாக இருக்கும், மூட்டுகளில் இழப்பு குறையும். பல்சக்கரத்தைக் கியர்பாக்ஸின் முகத்தை ஒட்டியே மாட்டுங்கள். ஷாஃப்டின் நுனியில் மாட்டினால் டிராக்கின் இழுப்பு ஷாஃப்டை வளைத்துவிடும். பல்சக்கரத்தை ஷாஃப்டோடு பிடிக்கும் கிரப் ஸ்க்ரூ ஷாஃப்டின் தட்டைப் பக்கத்தில் அமரட்டும், அது கழலாமலிருக்க ஒரு சொட்டு திரெட் லாக்கர் பசையும் விடுங்கள்.

மோட்டார் இல்லாமல் சும்மா சுற்றும் முன்பக்க ஐட்லர் சக்கரத்துக்கு உருண்டைத் துளை போடாமல் 15 மி.மீ. நீளக் காடி வெட்டுங்கள், டிராக்கை இறுக்குவதற்கு அது வேண்டும். மேல்பகுதியின் நடுவில் விரலால் அழுத்தினால் 8 முதல் 10 மி.மீ. இறங்க வேண்டும். வீணைத் தந்தி மாதிரி இறுக்கினால் மோட்டாருக்குச் சுமை, தொங்கவிட்டால் கழலும்.

மின் இணைப்பு

11.1 வோல்ட் (3எஸ்), 2200 எம்ஏஎச் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஒன்று. சராசரியாக 2.5 ஆம்பியர் இழுத்தால், பேட்டரியை முழுக்கக் காலியாக்காமல் 40 நிமிடம் ஓடும். பேட்டரியின் நேர்முனையில் முதலில் ஃபியூஸ், பிறகு சுவிட்ச், அதிலிருந்து இரண்டு இஎஸ்சிகளுக்கும் கிளை. ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் விற்கும் 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸே போதும். ஒயர் 18 கேஜ், சிலிகோன் உறை உள்ளது. மோட்டாரின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே '104' என்று எழுதிய செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்யுங்கள், பிரஷ் பொறியால் வரும் இரைச்சல் ரிசீவரைக் குழப்பாது.

இஎஸ்சி இரண்டிலும் ரிசீவருக்கு 5 வோல்ட் தரும் பிஇசி இருந்தால், ஒன்றின் சிவப்பு ஒயரை மட்டும் பிளக்கிலிருந்து கழற்றி டேப் சுற்றிவிடுங்கள். இரண்டு பிஇசியும் ஒன்றோடொன்று மோத வேண்டாம். ரிசீவர் 6.5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, பேட்டரியை நேராக அதற்குக் காட்டிவிடாதீர்கள்.

லிப்போவைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, 3.5-க்கு வந்ததும் ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். எல்லாச் செல்களையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜரில், 2.2 ஆம்பியருக்கு மிகாமல், வெறும் டைல்ஸ் தரையில் வைத்து, கண் பார்வையில் மட்டும் சார்ஜ் செய்யுங்கள். உப்பிய பேட்டரியை 'இன்னும் ஒரு தடவை' என்று சார்ஜில் போடாதீர்கள், அது தீப்பிடிக்கும் பொருள். ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள்.

முதல் ஓட்டம்

வண்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி, டிராக் தரையைத் தொடாமல் வையுங்கள். முதலில் ரிமோட்டை ஆன் செய்து பிறகு வண்டியை ஆன் செய்யுங்கள். அணைக்கும்போது வண்டி முதலில். மோட்டார்கள் எதிரெதிராகப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் ஒன்று பெரும்பாலும் தலைகீழாகச் சுற்றும், அதன் இரண்டு ஒயர்களையும் மாற்றினால் சரி. அடுத்து, டிராக் ஓடும்போதே ரிமோட்டை அணையுங்கள். ஒரு நொடிக்குள் மோட்டார்கள் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால், சிக்னல் அறுந்ததும் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃபை அமைக்காமல் தரையில் இறக்காதீர்கள். 3 கிலோ உலோகமும் மரமும் கட்டுப்பாடில்லாமல் ஓடினால் கண்ணாடி அலமாரியோ சின்னப் பிள்ளையின் காலோ எதிரில் வரும்.

தரையில் இறக்கியதும் டைல்ஸ், சிமென்ட், மண், கால்மிதி என்ற வரிசையில், ஒவ்வொன்றிலும் நின்ற இடத்தில் முழுச் சுற்று திருப்புங்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். ஐந்து நொடி விரல் வைக்க முடியாவிட்டால் சுமை அதிகம். டிராக்கைக் கொஞ்சம் தளர்த்தலாம், எடையைக் குறைக்கலாம், ஓரச் சக்கரங்களை இன்னும் ஒரு மில்லிமீட்டர் உயர்த்தலாம். மோட்டாரை மாற்றுவது கடைசி வழி.

திருப்பும்போது மட்டும் ரிசீவர் விளக்கு அணைந்து எரிந்தால் பேட்டரி மின்னழுத்தம் சரிகிறது என்று பொருள். பேட்டரி பழசாகியிருக்கும், அல்லது எங்கோ மெல்லிய ஒயரோ சரியாகப் பிடிக்காத சால்டரோ இருக்கும். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் இரண்டு இஎஸ்சிகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் இஎஸ்சியில். மாறாவிட்டால் அந்தப் பக்க டிராக் இறுக்கமாக இருக்கிறது, இல்லையென்றால் மோட்டார்.

டிராக் கழல்வது பெரும்பாலும் பின்னே போய்க்கொண்டே திருப்பும்போதுதான். அப்போது தளர்வு முழுவதும் பல்சக்கரத்துக்கு அடியில் வந்து சேர்கிறது. ஐட்லரைக் காடியில் கொஞ்சம் முன்னே தள்ளி இறுக்கிப் பாருங்கள். அப்படியும் கழன்றால் ஒரு நேரான அளவுகோலைப் பல்சக்கரம், தரைச் சக்கரங்கள், ஐட்லர் மூன்றின் மேலும் ஒட்டிவைத்து, ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். விலகியிருக்கும் இடத்தில் வாஷர் சேர்த்தோ எடுத்தோ நேராக்கலாம்.

ஓடத் தொடங்கியதும் மேலே கேமரா, சுழலும் டரெட் (பீரங்கிக் கூண்டு), மண் அள்ளும் கை என்று ஆசைகள் வரிசையாக வரும். எதை ஏற்றினாலும் அதன் எடையைச் சேர்த்து மேலே உள்ள விசைக் கணக்கை மறுபடி போடுங்கள். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி, வண்டியின் எடை நடுச்சக்கரங்களுக்கு மேல் வரும்படி வையுங்கள். வண்டியை ஒரு உருண்டைப் பென்சிலின் மேல் குறுக்காக நிறுத்தினால் எந்தப் பக்கம் கனம் என்று உடனே தெரிந்துவிடும்.